நமது நிருபர் போன பிறகு

2024 ஜனவரி கடைசியில் பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு தாலுகா நிருபர் சாலை விபத்தில் இறந்தான். வயது 31. கல்யாணம் ஆகவில்லை. பெயரைப் போட வேண்டாம் என்று அவன் அம்மா சொல்லிவிட்டார், வழக்கும் நடந்துகொண்டிருக்கிறது, அதனால் தம்பி என்றே எழுதுகிறேன். நான் அவனை அப்படித்தான் கூப்பிடுவேன், அவன் என்னை டீச்சரக்கா என்பான். ரத்த உறவெல்லாம் கிடையாது. நான் அரசுப் பள்ளி ஆசிரியை. எங்கள் பள்ளியில் பிளஸ் டூ முடித்து, கல்லூரியில் இடம் கிடைத்தும் பணம் கட்ட வழியில்லாமல் நிற்கிற பிள்ளைகளின் விவரத்தை அவனிடம் கொடுப்பேன். அவன் யார் யாரிடமோ பேசிப் பணம் புரட்டுவான். எங்களுக்குள் இருந்த தொடர்பு அவ்வளவுதான். ஆனால் அவன் போன பிறகு அவன் பாதியில் விட்ட வேலை, பணம், கணக்கு எல்லாம் யாரும் சொல்லாமலே என் தலையில் வந்து விழுந்தன. ஒன்றரை வருடத்துக்கு மேல் அதிலேயே போயிற்று. முன்கூட்டியே யாராவது நாலு விஷயம் சொல்லியிருந்தால் பாதி அலைச்சல் மிச்சம். இப்படி ஒரு தம்பி எல்லா ஊரிலும் இருக்கிறான் என்பதால் எழுதுகிறேன்.

தாலுகா நிருபர் என்றால் ஏதோ மாதச் சம்பளம், பி.எஃப். என்று வெளியில் நினைக்கிறார்கள். இவனுக்கு அச்சில் வந்த செய்திக்கு இவ்வளவு என்று ஒரு தொகை, பெட்ரோலுக்குக் கொஞ்சம், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் விளம்பரம் பிடித்துக் கொடுத்தால் கமிஷன். அதில் வீடு நடக்காது என்று தங்கையோடு சேர்ந்து ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருந்தான். 2016இலிருந்து எழுதினான். எட்டு வருடத்தில் அவன் பெயர் அந்தப் பத்திரிகையில் ஒரு முறைகூட வந்ததில்லை. எல்லாம் 'நமது நிருபர்'தான். இதை அவன் ஒரு குறையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் பிறகு ஒவ்வொரு அலுவலகத்திலும் அவன் நிருபராக இருந்ததற்கு என்ன ஆதாரம் என்று கேட்டபோதுதான் அதன் கனம் தெரிந்தது.

அவன் ஊர்வேலையில் இறங்கியது கஜா புயலில். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணி வரை தென்னந்தோப்புகளை அப்படியே சாய்த்துப் போட்டுவிட்டது. உள்ளூர்களுக்குக் கரண்ட் வர வாரக்கணக்கானது. வெளியூரிலிருந்து வந்த நிவாரண லாரிகள் மெயின் ரோட்டு ஊர்களிலேயே காலியாகிவிடும், உள்ளே இருக்கிற குடியிருப்புகளுக்கு ஒன்றும் போய்ச் சேராது. இவன் செய்தி சேகரிக்கப் போகிற கையோடு ஊர் ஊராக எழுதிக்கொண்டு வந்தான்: இங்கே இத்தனை வீட்டுக்குத் தார்ப்பாய், இங்கே மெழுகுவத்தி, இங்கே வயதுப் பெண்களுக்கு நாப்கின், இங்கே கைக்குழந்தை இருக்கிறது பால்பவுடர். அந்தப் பட்டியலை வைத்து லாரிகளைத் திருப்பிவிட்டான். சென்னைக்காரர்கள், சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் வேலை செய்கிற நம்மூர்க்காரர்கள் எல்லோரிடமும் அவன் நம்பர் அப்போதுதான் போய்ச் சேர்ந்தது. பிறகு அந்த நம்பரே ஜிபே நம்பரும் ஆனது. 2021இல் கொரோனா இரண்டாம் அலையில் படுக்கைக்கும் ஆக்சிஜனுக்கும் அலைந்தான். அதற்கப்புறம் கல்லூரிக் கட்டணம். புதுமைப் பெண் திட்டத்துக்கு விண்ணப்பம், முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்று என்று அந்த ஜெராக்ஸ் கடையில் எந்நேரமும் ஏதாவது ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கும். பணம் வந்ததெல்லாம் அவனுடைய சொந்தச் சேமிப்புக் கணக்கில். நம்பிக்கை அப்படி. யாரும் ரசீது கேட்டதில்லை.

ஒரு நோயாளிக்கு ரத்தம் ஏற்பாடு பண்ணிக் கொடுத்துவிட்டுத் தஞ்சாவூரிலிருந்து திரும்பும்போது, ஒரத்தநாடு தாண்டி எதிரே வந்த கார் அடித்தது. ஹெல்மெட் போட்டிருந்தான். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோய் மறுநாள் காலையில் உயிர் போயிற்று. அந்த நேரத்தில் யாருக்கும் எதுவும் ஓடாது, உண்மைதான். ஆனாலும் அங்கேயே கவனிக்க வேண்டியவை சில இருக்கின்றன. உடலுக்காகக் காத்திருக்கும்போதே ஒருவர் வந்து தோளில் கைபோட்டு, கேஸை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், செலவே இல்லை, வருவதில் இவ்வளவு சதவீதம் என்று அம்மாவிடம் வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்டார். விபத்துக் கேஸ் பிடிக்கிற புரோக்கர். தங்கை கத்தின கத்தலில் போய்விட்டார். வெற்று வக்காலத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு இழப்பீட்டில் பாதியைக் கண்ணில் பார்க்காதவர்களை எனக்குத் தெரியும். அப்புறம், மருத்துவமனைப் பதிவில் எழுதுகிற பெயரும் இனிஷியலும் ஆதாரில் இருக்கிற மாதிரியே இருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள். இவனுக்கு ஊரில் கூப்பிடுகிற பெயரை யாரோ சொல்லி, அதுவே இறப்புச் சான்றிதழ் வரை போய்விட்டது. அதைத் திருத்தி வாங்க ஆன தாமதத்தில் மற்ற எல்லாமே பின்னால் தள்ளிப்போயின. இறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவாகும், சொந்த ஊரில் இல்லை. ஆகவே திருத்தத்துக்கும் தஞ்சாவூருக்குத்தான் போக வேண்டியிருந்தது. முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, மோதிய வண்டியின் நம்பர், அதன் இன்சூரன்ஸ் விவரம் இந்த நான்கையும் கேட்டு வாங்கிப் பல நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எஃப்.ஐ.ஆர். நகலைக் காவல்துறையின் இணையதளத்திலிருந்தே இறக்கிக்கொள்ளலாம்.

ஊர் அழுதது. கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டாத சுவர் இல்லை. பதினாறாம் நாள் படத்திறப்புக்கு எல்லாக் கட்சிக்காரர்களும் வந்தார்கள், நன்றாகத்தான் பேசினார்கள். ஆனால் அதற்குள் வாட்ஸ்அப்பில் அவன் படத்தைப் போட்டு, குடும்பத்துக்கு உதவுங்கள் என்று வெவ்வேறு க்யூஆர் கோடுகள் சுற்ற ஆரம்பித்துவிட்டன. அதில் ஒன்றுகூட அம்மாவுடையது இல்லை. நல்லெண்ணத்தில் ஆரம்பித்தவர்களும் உண்டு, வேறு எண்ணத்தில் ஆரம்பித்தவர்களும் உண்டு, யார் எது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சிங்கப்பூரிலிருந்து ஒருவர் கூப்பிட்டு, நான் அனுப்பினது வந்துச்சா டீச்சர் என்று கேட்டபோது எனக்கு உடம்பு கூசிவிட்டது. அன்றைக்கே அம்மா பெயரில் உள்ள கணக்கு எண்ணை மட்டும் போட்டு, வேறு எதற்கும் பணம் அனுப்பாதீர்கள் என்று அம்மாவும் தங்கையும் பேசுகிற ஒரு சின்ன வீடியோ எடுத்துப் பரப்பினோம். இதை முதல் நாளே செய்ய வேண்டும். துக்க வீட்டில் பணப்பேச்சு எப்படி எடுப்பது என்ற கூச்சத்தில்தான் மற்றவர்கள் புகுந்துவிடுகிறார்கள்.

அடுத்து அவன் போன். பேட்டர்ன் தங்கைக்குத் தெரிந்திருந்தது, நல்லவேளை. திறந்தால், தவறிய அழைப்பும் செய்தியும் குவிந்து கிடந்தன. பாதிப் பேருக்கு அவன் இறந்ததே தெரியாது. "அண்ணா, செமஸ்டர் ஃபீஸ் கட்ட வெள்ளிக்கிழமை கடைசி", "அண்ணா, ஹால் டிக்கெட் தர மாட்டேங்கிறாங்க". அதை உட்கார்ந்து படிக்கிற தெம்பு எனக்கே இல்லை. அவனுடைய கணக்கு முழுவதும் ஒரு நீளமான ஸ்க்ரிப்ளிங் பேடில் இருந்தது. பிரஸ் மீட்டில் குறிப்பெடுக்கிற அதே பேட். முன்பக்கம் கலெக்டர் என்ன சொன்னார், எந்த ஊரில் குடிநீர்க் குழாய் உடைப்பு என்று செய்திக் குறிப்பு, அதையே திருப்பிப் பின்பக்கத்திலிருந்து கணக்கு. 'ப. நர்சிங் 2ம் வரு 22, வந்தது 14, சிங். அண்ணன் 5 சொல்லிருக்கார், மீதி?' இப்படி. அந்தக் கேள்விக்குறி உள்ள இடங்களையெல்லாம் ஆளாளுக்குப் போன் பண்ணிக் கேட்டு, வங்கிக் கணக்கோடு ஒத்துப் பார்த்து எழுதி முடிக்க ராத்திரி ராத்திரியாக உட்கார வேண்டியிருந்தது. கடைசியில் தெரிந்தது இதுதான்: அவன் கணக்கில் கிடந்த சுமார் 2,16,000 ரூபாயில் ஒன்றேமுக்கால் லட்சம் அளவுக்குப் பிள்ளைகளின் கட்டணத்துக்கும், ஒரு பெண்ணுக்குத் தையல் மிஷின் வாங்கவும் வந்த பணம். மிச்சம்தான் அவனுடையது.

ஆனால் சட்டத்தின் கண்ணுக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. அவன் பெயரில் இருக்கிற பணம் அவன் சொத்து, அவன் வாரிசுக்குப் போக வேண்டியது. உறவுக்காரர் ஒருவர் அதையே அம்மாவிடம் சொன்னார், பேசாமல் நீயே வைத்துக்கொள் என்று. அம்மா, "ஊரான் புள்ளைக ஃபீஸ் காசு எனக்கு எதுக்கு, அதக் கட்டிட்டு மிச்சம் இருந்தாக் குடுங்க" என்று முடித்துவிட்டார். அவர் வேறு மாதிரி சொல்லியிருந்தால் எங்களால் ஒன்றும் செய்திருக்க முடியாது. ஏ.டி.எம். பின் நம்பர் தெரியும்தானே, எடுத்துக் கட்டிவிடலாமே என்று பலர் சொன்னார்கள். செய்யாதீர்கள். இறந்தவர் கணக்கில் கார்டு மூலமோ போனிலிருந்தோ பணம் எடுப்பது பிற்பாடு பெரிய தலைவலி. வேறு வாரிசோ, பணம் கொடுத்தவரோ கேள்வி கேட்டால் பதில் சொல்ல முடியாது. ஆனால் அவன் சிம்மை மட்டும் விடாமல் ரீசார்ஜ் பண்ணி வைத்திருந்தோம். எந்த இடத்தில் எதைத் தொட்டாலும் ஓ.டி.பி. அந்த நம்பருக்குத்தான் வருகிறது, மூன்று மாதம் சும்மா கிடந்தால் நம்பரே கைவிட்டுப் போய்விடும். கட்டணத்துக்குக் கடைசித் தேதி யாருக்காகவும் நிற்காது என்பதால் என் வளையல்களை வைத்து 74,000 ரூபாய் நகைக்கடன் வாங்கி அவசரமான பிள்ளைகளுக்குக் கட்டினேன். வீட்டுக்காரரிடம் இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. வட்டி போனது போனதுதான்.

வங்கியில் நாமினி இல்லை. கணக்கு ஆரம்பித்தபோது அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறான், ஊருக்கெல்லாம் படிவம் நிரப்பிக் கொடுத்தவன். நாமினி இருந்தால் இறப்புச் சான்றிதழும் அடையாளச் சான்றுமே பெரும்பாலும் போதும். இல்லாததால் எங்களுக்கு வாரிசுச் சான்றிதழ், ஜாமீன்தாரர்கள், உறுதிமொழிப் பத்திரம் என்று நீண்டது. வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் பதிந்து, வி.ஏ.ஓ., ஆர்.ஐ. விசாரணை முடிந்து, தாசில்தார் கையெழுத்தாகி வர வேண்டும். கல்யாணமாகாத இந்து ஆண் இறந்தால் அவன் அம்மாதான் முதல் வகுப்பு வாரிசு, தகப்பனார்கூட இரண்டாம் வகுப்புதான். இருந்தும் எங்கள் வங்கிக் கிளையில் தங்கையிடமும் ஆட்சேபணையில்லாக் கடிதம் வாங்கினார்கள். போன இடமெல்லாம் என்னிடம் முதல் கேள்வி, நீங்க யாரு அவருக்கு? டீச்சர் என்று சொன்னால் சிரிப்பார்கள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனால் அவருக்கு நிற்க முடியாது, கூட்டிப் போகாவிட்டால் எனக்குப் பேச உரிமை இல்லை. இன்னாரை எனக்காகப் பேசவும் படிவம் கொடுக்கவும் அனுமதிக்கிறேன் என்று அம்மா கையெழுத்திட்ட ஒரு கடிதத்தை, அவர் ஆதார் நகலோடு, நிறைய பிரதி எடுத்து வைத்துக்கொண்ட பிறகு இந்தத் தொந்தரவு கொஞ்சம் குறைந்தது. வங்கிக்காரர்கள் இன்றைக்கு மேனேஜர் லீவு, நாளைக்கு வாங்க என்றே ஓட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லாக் காகிதமும் கொடுத்த 15 நாளுக்குள் இறந்தவர் கணக்கைத் தீர்க்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அதைக் குறிப்பிட்டு எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, தேதியோடு முத்திரை வாங்கினேன். அப்புறம்தான் நகர்ந்தது. 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு இணையத்திலேயே புகார் போடலாம். பணம் அம்மா கணக்குக்கு வந்ததும் கல்லூரிகளுக்கு நேராகக் கட்டினோம். என் நகைக்கடனில் 60,000 அளவுக்குத் திரும்பியது.

அவனுடைய இன்னொரு பழைய வங்கிக் கணக்கின் பாஸ்புக்கைப் புரட்டும்போது ஒரு வரி கண்ணில் பட்டது. மே மாதக் கடைசியில் 20 ரூபாய் பிடித்தம். பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா. வருடம் 20 ரூபாய், விபத்தில் இறந்தால் 2 லட்சம். அம்மாவை நாமினியாகவும் போட்டிருந்தான். இந்த அலைச்சல் மொத்தத்திலும் சண்டை போடாமல் கைக்கு வந்த பணம் அது ஒன்றுதான். கூடவே இருக்கிற ஜீவன் ஜோதி திட்டத்துக்கு வருடம் 436 ரூபாய், எந்தக் காரணத்தில் இறந்தாலும் 2 லட்சம். அதில் அவன் சேர்ந்திருந்தான், ஆனால் அந்த வருடம் பிடிக்க வேண்டிய நாளில் அந்தக் கணக்கில் 400 ரூபாய்கூட இல்லாமல் விட்டுப்போயிருந்தது. நன்கொடை வருகிற கணக்கில் லட்சக்கணக்கில் கிடக்க, அந்தப் பழைய கணக்கில் இருந்த நிலை அது. எனக்குக் கோபம்தான் வந்தது. யாராவது இறந்தால் அவருடைய வங்கிக் கணக்கின் மே, ஜூன் மாதப் பக்கங்களை முதலில் பாருங்கள். பலருக்குத் தாங்கள் சேர்ந்திருப்பதே ஞாபகம் இருக்காது, வீட்டுக்குச் சொல்லியும் இருக்க மாட்டார்கள். கோரிக்கைப் படிவத்தை 30 நாளுக்குள் வங்கியில் கொடுக்கப் பாருங்கள்.

வண்டி விஷயம்தான் இன்னும் ஆறவில்லை. சொந்த வண்டியை ஓட்டிப்போய் இறந்தால், இன்சூரன்சில் உரிமையாளர்-ஓட்டுநர் தனிநபர் விபத்துக் காப்பு என்று 15 லட்சம் உண்டு. அவன் பைக்குக்கு அந்தக் காப்பும் சேர்த்தே பிரீமியம் கட்டியிருந்தது, லைசென்சும் சரியாக இருந்தது. ஆனால் பைக் செகண்ட் ஹேண்ட். வாங்கி இரண்டு வருடமாகியும் ஆர்.சி. பழைய ஓனர் பெயரிலேயே இருந்தது, இன்சூரன்சும் அவர் பெயரில். காப்பு பதிவு பெற்ற உரிமையாளருக்குத்தான், இவர் உரிமையாளர் இல்லை என்று ஒரு பக்கக் கடிதத்தில் முடித்துவிட்டார்கள். மேல்முறையீடு, குறைதீர்ப்பு என்றெல்லாம் எழுதிப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. பெயர் மாற்ற ஆகியிருக்கக்கூடிய செலவு ஒரு நல்ல சட்டை விலை. பழைய வண்டி வாங்கினால் 14 நாளுக்குள் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதிக் கொடுத்து மாற்ற வேண்டும். நிருபர்கள், டெலிவரி வேலை செய்கிறவர்கள், நாள் பூராவும் வண்டியிலேயே இருக்கிறவர்கள் தயவுசெய்து இன்றைக்கே ஆர்.சி.யை எடுத்துப் பாருங்கள்.

மோதிய காருக்கு இன்சூரன்ஸ் இருந்தது. அதன்மேல் இழப்பீட்டு வழக்கு. 2022 ஏப்ரல் முதல் விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும் என்று சட்டம் மாறியிருக்கிறது. முன்பு அப்படிக் கெடு இல்லாததால் பலர் இன்னும் மெதுவாகப் போடலாம் என்று இருக்கிறார்கள். விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்றும் இல்லை, நாம் குடியிருக்கிற பகுதியிலும் போடலாம். வக்கீல் பீஸ் பயம் இருந்தால் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு, அம்மா பெயரில் அப்படித்தான் வாங்கினோம். அங்கே உள்ள வக்கீல் அம்மா ஒருவர் எனக்குக் கணக்குப் போட்டுக் காட்டினார். இறந்தவருக்கு வயது 31, கல்யாணமாகாதவர், சொந்தத் தொழில் மாதிரி வருமானம். மாத வருமானம் 8,000 என்று எடுத்துக்கொண்டால் வருடத்துக்கு 96,000, எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்து 1,34,400, கல்யாணமாகாதவர் என்பதால் சொந்தச் செலவுக்குப் பாதி கழித்து 67,200, வயதுக்கான பெருக்கல் எண் 16, ஆக 10,75,200. அதே வருமானத்தை 15,000 என்று நிரூபித்தால் 20,16,000. இடையில் ஒன்பது லட்சத்துக்கு மேல் வித்தியாசம், எல்லாம் காகிதத்தில் இருக்கிறது. எங்களிடம் காகிதம் இல்லை. பத்திரிகைப் பணம் ஒரு மாதம் வரும், ஒரு மாதம் வராது. கடை வருமானத்துக்குக் கணக்கில்லை. வங்கிக் கணக்கைக் காட்டினால் நன்கொடை எல்லாம் வந்து போயிருக்கிறது, எது வருமானம் என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கிறார், கேட்கத்தானே செய்வார். வரி கட்டுகிற அளவு வருமானம் இல்லாவிட்டாலும் வருடாவருடம் ஒரு ரிட்டர்ன் தாக்கல் செய்து வைத்திருந்தால் அதுவே பேசியிருக்கும். ஊர்ப் பணத்துக்கு ஒரு கணக்கு, சொந்தப் பணத்துக்கு ஒரு கணக்கு என்று பிரித்திருந்தாலும் இவ்வளவு குழப்பம் இல்லை.

பத்திரிகை அலுவலகத்துக்குப் போனதுதான் எனக்கு மிகவும் கசப்பு. அவர்கள் கெட்டவர்கள் இல்லை, மாவட்டத்தில் இருந்த மூத்த நிருபர்கள் கையிலிருந்து பணம் போட்டார்கள், இறந்த மறுநாள் இரங்கல் செய்தியும் வந்தது. ஆனால் பணிச்சான்று என்றதும் தலைமை அலுவலகம் பின்வாங்கியது. அவர் ஊழியர் இல்லை, செய்தி அனுப்பி வந்தவர். நியமனக் கடிதம் கிடையாது, பி.எஃப். கிடையாது. பி.எஃப். இருந்திருந்தால் அதோடு சேர்ந்த இ.டி.எல்.ஐ. காப்பீட்டிலேயே குறைந்தது 2.5 லட்சம் வந்திருக்கும். தமிழக அரசின் பத்திரிகையாளர் குடும்ப உதவி நிதியில் பணிக்காலத்தைப் பொறுத்துத்தான் தொகை, அவன் இறந்த சமயத்தில் 20 வருடத்துக்கு 5 லட்சம், 5 வருடத்துக்கு 1,25,000 என்று படிப்படியாக இருந்தது. மத்திய அரசின் பத்திரிகையாளர் நலத் திட்டத்தில் 5 லட்சம் வரை உண்டு, அங்கீகார அட்டை இல்லாவிட்டாலும் தொடர்ந்து ஐந்து வருடம் பத்திரிகையாளராக இருந்ததைக் காட்டினால் விண்ணப்பிக்கலாம். எல்லாவற்றுக்கும் அடிப்படை அந்த ஒரு சான்று. பெயர் போட்டு ஒரு செய்தியும் இல்லாதவனுக்கு எட்டு வருடத்தை எப்படிக் காட்டுவது? வருடாவருடம் கொடுத்த அடையாள அட்டைகளில் சிலவற்றை அவன் தூக்கிப் போட்டுவிட்டான். மிஞ்சிய அட்டைகள், பத்திரிகையிலிருந்து அவன் கணக்குக்கு வந்த தொகைகள், அலுவலகத்திலிருந்து வேலை சொல்லி வந்த மெயில்கள் இவற்றைத் தேதி வாரியாக அடுக்கி ஒரு கோப்பாகக் கொடுத்த பிறகு, 2016 முதல் பகுதிநேர நிருபராகப் பணியாற்றினார் என்று ஒரு கடிதம் கிடைத்தது. மாவட்ட செய்தி மக்கள் தொடர்பு அலுவலகம் வழியாக மாநில நிதிக்கும், தனியாக மத்திய திட்டத்துக்கும் அனுப்பியிருக்கிறோம். 2021இல் அறிவித்த பத்திரிகையாளர் நல வாரியத்தில் அவன் உறுப்பினராகவே சேரவில்லை. சேர நேரமில்லக்கா என்றுதான் சொல்லியிருப்பான்.

இதற்கு நடுவில் நினைவுக் குழு ஒன்று கிளம்பியது. அவன் பெயரில் அறக்கட்டளை, பேருந்து நிலையத்தில் நிழற்குடை, வருடாவருடம் விருது. முதல் கூட்டத்திலேயே தலைவர் யார் என்று தகராறு. அறக்கட்டளை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதியலாம், சங்கமாக என்றால் குறைந்தது ஏழு பேர் வேண்டும், பிறகு பான் கார்டு, வருமான வரித்துறையில் வரிவிலக்குப் பதிவு, வருடா வருடம் தணிக்கை. செய்ய ஆள் இருந்தால் நல்லதுதான். ஆனால் ஒரு விஷயத்தை அந்தக் கூட்டத்தில் யாரும் யோசிக்கவில்லை. நம்மூர்க்காரர்தான் என்றாலும் சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்புகிற பணம் சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை, எஃப்.சி.ஆர்.ஏ. என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ அனுமதியோ இல்லாமல் வாங்கக் கூடாது. இந்திய பாஸ்போர்ட் வைத்துக்கொண்டு அங்கே வேலை பார்க்கிறவர் தன் சம்பாத்தியத்தில் அனுப்பினால் அந்தப் பிரச்சினை இல்லை. நம் பக்கத்தில் ஊர்க் கோயில் முதல் பள்ளிக்கூட ஆண்டு விழா வரை வெளிநாட்டுப் பணம் வருகிறது, இந்த வித்தியாசம் பலருக்குத் தெரிவதில்லை. தம்பிக்கும் தெரியாது. அதையெல்லாம் கேட்டதும் குழு பாதியாகக் கரைந்தது. நிழற்குடை இன்னும் பேச்சில்தான் இருக்கிறது.

நானும் தங்கையும் வேறு மாதிரி செய்கிறோம். பணத்தை நாங்கள் தொடுவதே இல்லை. ஒரு பிள்ளைக்குக் கட்டணம் தேவை என்றால் கல்லூரியின் கட்டணச் சலான், மாணவர் எண் இரண்டையும் உதவுகிறவரிடம் கொடுத்துவிடுவோம். அவரே கல்லூரிக் கணக்கில் கட்டி ரசீதை அனுப்புவார். யார் பணம் யாருக்குப் போனது என்று ஒரு ஷீட், அதைப் பார்க்க மூன்று பேருக்கு அனுமதி. உதவி முன்னைவிடக் குறைந்துதான் இருக்கிறது. தம்பி கேட்டால் உடனே போடுவார்கள், எங்களிடம் கேள்வி கேட்கிறார்கள். கேட்கட்டும். அவன் பேடில் இருந்த பிள்ளைகளில் நர்சிங் படித்த பெண் முடித்து வேலைக்குப் போய்விட்டாள், பாலிடெக்னிக் பையன் ஒருவன் பாதியில் நின்றுவிட்டான், கூப்பிட்டுப் பேசியும் வரவில்லை. தையல் மிஷினை அந்தப் பெண்ணே கடைக்கு வந்து தேர்ந்தெடுத்தாள்.

வழக்கு வாய்தாவில் போய்க்கொண்டிருக்கிறது. இரண்டு அரசு விண்ணப்பங்களுக்கும் இன்னும் முடிவு வரவில்லை. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் உள்ள நிருபர்கள் யாருக்காவது பணிச்சான்றுக் கோப்பை எப்படி அடுக்குவது என்று பார்க்க வேண்டுமானால், நாங்கள் கொடுத்ததன் நகல் அந்த ஜெராக்ஸ் கடையில் இருக்கிறது. தங்கைதான் கடையைப் பார்த்துக்கொள்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தவிர எந்நாளும் ராத்திரி எட்டு மணி வரை இருப்பாள்.